ட்ரே டர்னரும் எழுந்து நின்ற பிலடெல்பியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் பிலடெல்பியா ஃபிலிஸ் பேஸ்பால் அணியின் சொந்த மைதானத்தில், அந்தப் பருவம் முழுவதும் தடுமாறிக்கொண்டிருந்த ட்ரே டர்னர் மட்டையோடு நடந்து வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதுவரை அவர் அந்த ரசிகர்களுக்கு என்ன செய்துவிட்டார் என்று கேட்டால், ஏமாற்றியிருந்தார் என்பதுதான் நேர்மையான பதில். பேஸ்பாலை அதிகம் பார்த்திராத தமிழ் வாசகர்கள் இந்தச் சம்பவத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

ட்ரே டர்னர் யார்? அவரிடம் ஏன் அவ்வளவு எதிர்பார்ப்பு?

ஃபுளோரிடாவில் 1993-இல் பிறந்தவர். ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் ஆடுபவர். அதாவது, ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட்டுச் சுற்ற வேண்டிய பேஸ் என்ற நிலைகளில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நின்று, சீறி வரும் பந்துகளைத் தடுத்து முதல் பேஸுக்கு எறிய வேண்டியவர். களத்தடுப்பில் மிகக் கடினமான பொறுப்புகளுள் அதுவும் ஒன்று. ஓட்டத்தில் அவருக்கு நிகரானவர்கள் அமெரிக்காவின் மேஜர் லீக்கில் மிகக் குறைவு. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியோடு 2019-இல் மேஜர் லீக்கின் இறுதிப் பட்டமான உலகத் தொடரை வென்றார். 2021-இல் பருவத்தின் நடுவே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு மாறி, அந்த ஆண்டு 0.328 சராசரியுடன், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளுள் ஒன்றான தேசிய லீக்கின் பேட்டிங் பட்டத்தை, அதாவது அதிக சராசரிக்கான பட்டத்தைப் பெற்றார்.

2022 உலகத் தொடரில் ஹூஸ்டனிடம் ஆறு ஆட்டங்களில் தோற்ற ஃபிலிஸ், விட்டதைப் பிடிப்பதற்காக அந்த டிசம்பரிலேயே அவரை 11 ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. முப்பதை நெருங்கிய ஒருவருக்கு நாற்பது வயது வரை சம்பளம் தருவதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அது. போதாததற்கு, 2023 மார்ச்சில் நடந்த உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் அமெரிக்காவுக்காக ஐந்து ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸரைப் போல எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) அடித்தார். காலிறுதியில் வெனிசுலாவிடம் பின்தங்கியிருந்த நேரத்தில், எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க அவர் அடித்த ஹோம் ரன்தான் ஆட்டத்தைத் திருப்பியது. அது நடந்தது மயாமி மைதானத்தில். அந்த மைதானம் கீழே இன்னொரு முறை வரும்.

அப்படிப்பட்டவர் எவ்வளவு மோசமாக ஆடினார்?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிரிக்கெட் சராசரியைப் போல இதைப் படித்தால் ஒன்றும் புரியாது. பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது, அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் (தன் அடியால் அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது) ஆனது என்ற விகிதம். பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடிப்பவர், அதாவது 0.300 வைத்திருப்பவர், மிக நல்ல பேட்டர். மீதி ஏழு முறை அவர் தோற்றுத்தான் திரும்புகிறார். 2022 வரை டர்னரின் மொத்த சராசரி 0.302. ஃபிலிஸ் அணியில் முதல் 107 ஆட்டங்கள் முடிந்தபோது அவரிடம் இருந்தது 0.235.

இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி பார்வைக்குச் சிறியது. 500 வாய்ப்புகளுக்குக் கணக்கிட்டால் முப்பத்துமூன்று ஹிட் வித்தியாசம் வரும். ஏறத்தாழ 26 வாரம் நீளும் பருவத்தில் வாரத்துக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம். வாரத்தில் ஒரே ஒரு பந்து களத்தடுப்பாளரின் கைக்கு எட்டாமல் விழுந்திருந்தால் அவர் பழைய டர்னராகவே தெரிந்திருப்பார். நட்சத்திரத்துக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் நடுவே இவ்வளவு மெல்லிய கோடுதான் இருக்கிறது என்பதாலேயே தடுமாறுகிறவரின் வேதனை பெரிதாகிறது. இன்று விழுந்துவிடும், நாளை விழுந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் தோன்றும், விழாது.

வெளியே விலகிப் போகும் பந்துகளைத் துரத்தி மட்டையை வீசினார். முன்பு அனாயாசமாக விட்டுவிட்ட பந்துகள் அவை. ஹோம் ரன் பத்துதான். பேஸை எட்டும் விகிதத்தோடு அடியின் வலிமையையும் சேர்த்துக் காட்டும் ஓபிஎஸ் என்ற அளவு 0.657-க்கு இறங்கியிருந்தது; 30 கோடி டாலர் ஆட்டக்காரர் ஒருவருக்கு அது எந்த வகையிலும் பொருந்தாத எண்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் மயாமியில் என்ன நடந்தது?

ஆகஸ்ட் 2 அன்று மயாமி மார்லின்ஸ் அணியுடனான ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனது. பதினொன்றாவது இன்னிங்ஸில் ஃபிலிஸ் முன்னிலையில் இருந்தபோது டர்னரிடம் வந்த பந்து அவர் கையில் நிற்கவில்லை. அந்தப் பிழையில் மயாமி சமன் செய்தது, அடுத்த இன்னிங்ஸில் வென்றது. மட்டையாலும் அன்று அவர் ஒன்றும் சாதிக்கவில்லை. மார்ச்சில் அவர் பேரடி அடித்த அதே மைதானம்தான் இது.

ஆட்டம் முடிந்தபின் செய்தியாளர்கள் முன் வந்து நின்று, தோல்விக்குத் தானே காரணம் என்று சொன்னார். பிறகு வலைக்குள் போய் மட்டை பிடித்தார். மற்றவர்கள் குளித்து உடை மாற்றிப் பேருந்துக்குக் கிளம்பும் நேரம் அது. நள்ளிரவை ஒட்டிய அந்த வேளையில் ஒருவர் தனியாகப் பந்துக்கு மேல் பந்தாக அடித்துக்கொண்டிருக்கிறார். இந்தச் செய்தி மறுநாள் பிலடெல்பியாவுக்கு எட்டியபோதுதான், இந்த மனிதர் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பது பலருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஹிட் அடிக்காததை அந்த நகரம் பொறுத்துக்கொள்ளும். உழைக்காததை ஒருபோதும் பொறுக்காது.

பிலடெல்பியா ரசிகர்கள் என்றால் ஏன் எல்லோரும் அஞ்சுகிறார்கள்?

கேலிக்கூச்சலுக்குப் பேர்போன ஊர் அது. 1968 டிசம்பரில் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டு வந்தவர் மீது பனி உருண்டைகளை எறிந்த கதையை இன்றுவரை எல்லோரும் சொல்லிக் காட்டுகிறார்கள். ஃபிலிஸ் வரலாற்றின் தலைசிறந்த ஆட்டக்காரரும் 548 ஹோம் ரன்களின் சொந்தக்காரருமான மைக் ஷ்மிட்டையும் அந்த ரசிகர்கள் விட்டுவைக்கவில்லை. 1985-இல் அவர் ஒரு பேட்டியில் ரசிகர்களைக் கடுமையாகச் சாடிவிட்டார். பேட்டி வெளிவந்தபின் சொந்த மைதானத்தில் இறங்க வேண்டிய நாளில், நீண்ட பொய்முடியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து பயிற்சிக்கு வந்து நின்றார். கூச்சலிடக் காத்திருந்த கூட்டம் சிரித்துக் கைதட்டிவிட்டது.

ஆனால் இந்தக் கூச்சலின் வரலாறு முழுவதும் இப்படி ரசித்துச் சொல்லத்தக்கது என்று எண்ணிவிடக் கூடாது. 1960-களில் டிக் ஆலன் என்ற கறுப்பின நட்சத்திரம் அங்கே ஆடியபோது, பார்வையாளர்கள் எறிந்த பொருள்களிலிருந்து தப்பிக்கக் களத்தடுப்பின்போதும் தலைக்கவசம் அணிந்து நின்றார். அதில் இருந்தது விளையாட்டு ஆத்திரம் மட்டுமே என்று சொல்ல முடியாது. இனவெறி வெளிப்படையாகவே இருந்தது. ஆலன் 2020-இல் காலமானார். பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2025-இல்தான். பிலடெல்பியா ரசிகர்களைப் பற்றி எழுதுகிறவர் யாராக இருந்தாலும் ஆலனைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எழுந்து நின்று கைதட்டும் யோசனை எங்கிருந்து வந்தது?

உள்ளூர் விளையாட்டு வானொலியிலும் சமூக வலைத்தளங்களிலும் ரசிகர்களே பேசிப் பரப்பிய யோசனை அது. மயாமி தோல்விக்கும் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கும் நடுவே இருந்த குறுகிய நேரத்திலேயே, ‘அவர் எப்போது வந்தாலும் எழுந்து நிற்போம்’ என்ற பேச்சு ஊர் முழுவதும் பரவிவிட்டது.

முன்மாதிரி ஒன்றும் இருந்தது. 2022 ஏப்ரலில் இளம் ஆட்டக்காரர் அலெக் போம் ஒரே ஆட்டத்தில் களத்தடுப்பில் மூன்று பிழை செய்தார். சாதாரணமான ஒரு பந்தைத் தடுத்ததற்குக் கூட்டம் கிண்டலாகக் கைதட்டியபோது, இந்த இடத்தையே வெறுக்கிறேன் என்று அவர் முணுமுணுத்ததைக் கேமரா பிடித்துவிட்டது. மறுக்க வழி தேடாமல், ஆமாம், கோபத்தில் சொல்லிவிட்டேன், அது என் உண்மையான எண்ணம் இல்லை என்று அன்றிரவே ஒப்புக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் அவர் மட்டை பிடிக்க வந்தபோது அரங்கம் எழுந்து நின்றது. மழுப்புகிறவரை விரட்டுவதும், ஒப்புக்கொள்கிறவரை அணைத்துக்கொள்வதும் அந்த ஊரின் வழக்கம். மயாமியில் டர்னர் செய்ததும் அந்த ஒப்புதல்தான்.

ஆகஸ்ட் 4 ஆட்டத்தில் டர்னர் எப்படி ஆடினார்?

எதிரணி கேன்சஸ் சிட்டி ராயல்ஸ், அந்தப் பருவத்தை 106 தோல்விகளோடு முடித்த அணி. மேலாளர் ராப் தாம்சன் டர்னரைப் பேட்டிங் வரிசையில் கீழே இறக்கியிருந்தார். தொடக்கத்தில் ஆடிப் பழகிய நட்சத்திரத்துக்கு அதுவே ஒரு சிறுமை. முதல் முறை அவர் பெயர் ஒலித்தபோது மக்கள் எழுந்தார்கள், கைதட்டல் நீண்டது. இரண்டாவது முறையும் எழுந்தார்கள். பிறகும் அப்படியே.

நான்கு வாய்ப்பில் ஒரு ஹிட். ஃபிலிஸ் 7-5 என்ற கணக்கில் தோற்றது.

இந்தக் கதையைச் சொல்கிற பலர் இந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டு, கைதட்டினார்கள், உடனே ஹோம் ரன் பறந்தது என்பதுபோல் சொல்கிறார்கள். எனக்கு இந்த இரவு பிடித்திருப்பதற்கு அந்தத் தோல்வியும் ஒரு காரணம். முதல் வாய்ப்பு வீணான பிறகு இரண்டாவது முறை எழுவதற்கு யாரும் யோசிக்கவில்லை. விளைவைப் பார்த்துவிட்டுக் கைதட்டுவது ரசிகர்களுக்கு எப்போதும் எளிது. அன்று அவர்கள் விளைவு எதுவும் கையில் இல்லாதபோதே கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை மூன்று ரன் தரும் ஹோம் ரன் ஒன்றை டர்னர் அடித்தார், ஃபிலிஸ் 9-6 என்று வென்றது.

அதற்குப் பிறகு அவர் ஆட்டம் உண்மையிலேயே மாறியதா?

மாறியது, அதுவும் யாரும் எதிர்பாராத அளவுக்கு. அந்த வெள்ளிக்கிழமை தொடங்கிப் பருவம் முடியும்வரை 48 ஆட்டங்களில் அவர் சராசரி 0.337, ஓபிஎஸ் 1.057, ஹோம் ரன் 16. முந்தைய 107 ஆட்டங்களில் பத்தே அடித்தவர் அதில் பாதிக்கும் குறைவான ஆட்டங்களில் பதினாறு அடித்தார். மொத்தத்தில் 0.266 சராசரி, 26 ஹோம் ரன், அவர் மட்டையால் அணிக்குக் கிடைத்த 76 ரன் என்று ஆண்டை முடித்தார். 30 முறை பேஸ் திருட முயன்று, அதாவது பந்தெறிபவரான பிட்சர் எறிகிற இடைவெளியில் அடுத்த பேஸுக்கு ஓட முயன்று, ஒருமுறைகூடப் பிடிபடவில்லை. மட்டை தடுமாறிய மாதங்களிலும் கால் தடுமாறவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

கைதட்டல்தான் அவரை மாற்றியது என்று சொல்லலாமா?

முழுக் காரணம் அதுதான் என்று சொல்ல மாட்டேன். வாழ்நாள் சராசரி 0.302 உள்ளவர் என்றென்றும் 0.235-இல் நிற்க மாட்டார். எப்படியும் ஏதோ ஒரு வாரத்தில் மேலே ஏறத் தொடங்கியிருப்பார். வாஷிங்டன் காலத்திலிருந்தே அவரை அறிந்த பேட்டிங் பயிற்சியாளர் கெவின் லாங்குடன் நாள்தோறும் உழைத்துக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. இரவில் வலைக்குள் அடித்த பந்துகளுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆயினும் கைதட்டலுக்குப் பங்கே இல்லை என்று சொல்கிறவர்கள், மட்டை பிடிப்பவரின் உடலில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து, மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் வரை தூரம் 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்க எடுத்துக்கொள்வது ஒரு நொடியில் பத்தில் நான்கு பங்கு. மட்டையைச் சுழற்றவும் நேரம் வேண்டும் என்பதால், அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அதில் பாதிகூட மிஞ்சுவதில்லை. அந்த இடைவெளியில் யோசிப்பதற்கு இடம் கிடையாது. பழகிய உடல் தானாகச் செய்தால்தான் உண்டு. ‘இதையாவது அடித்தே ஆக வேண்டும்’ என்ற தவிப்பு ஒருவருக்குள் புகுந்துவிட்டால் கை ஒரு கணம் முந்திக்கொள்ளும், தோள் இறுகும், விட வேண்டிய பந்தைத் துரத்தத் தோன்றும். டர்னர் அந்தக் கோடையில் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

எழுந்து நின்ற கூட்டம் அவருக்குப் புதிதாக ஒரு திறமையைக் கொடுத்துவிடவில்லை. திறமை அவரிடம் முன்பே இருந்தது. ‘நீ அடிக்காவிட்டாலும் எங்கள் ஆள்தான்’ என்று சொன்னதன் வழியாக, அந்தத் தவிப்புக்கான காரணத்தைச் சிறிது நேரத்துக்காவது எடுத்துவிட்டது. அந்த இரவு தனக்கு மிகப் பெரிய உதவியாக இருந்தது என்று டர்னரே பின்னர் பலமுறை கூறியிருக்கிறார்.

காசு கொடுத்து வருகிறவர்களுக்குக் கூச்சலிட உரிமை இல்லையா?

உண்டு. ஓடாமல் நின்றுவிடுகிறவரை, அக்கறையில்லாமல் ஆடுகிறவரை ஏன் கடிந்துகொள்ளக் கூடாது? பருவம் முழுவதும் 162 ஆட்டங்களைப் பின்தொடர்கிறவர் தன் வாழ்நாளில் ஒரு பங்கை அந்த அணிக்குக் கொடுக்கிறார். ஆனால் ஏற்கெனவே அளவுக்கு மீறித் தன்னை வருத்திக்கொள்கிறவரிடம் கூச்சல் எதைச் சாதிக்கும் என்பதை ரசிகர் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். பணத்தைக் காட்டி, இவ்வளவு வாங்குகிறவர் தாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்வது வழக்கம். சம்பளம் எத்தனை கோடியாக இருந்தாலும் பந்து வந்து சேர ஆகும் நேரம் அதேதான்.

இதற்கு முன்னும் ரசிகர்கள் இப்படி நடந்துகொண்டதுண்டா?

உண்டு, புரூக்ளினில். எனக்கு மிகவும் பிடித்த பேஸ்பால் நிகழ்ச்சி இது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் கில் ஹாட்ஜஸ் 1952 உலகத் தொடரில் ஏழு ஆட்டங்களில் 21 வாய்ப்புகளைப் பெற்று ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. அணி நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. அத்தனைக்கும் அந்த ஊர் அவரைக் கேலி செய்யவில்லை. கடிதங்களும் ஜெபமாலைகளும் அவருக்கு வந்து குவிந்தன. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் தடுமாற்றம் நீங்கவில்லை. மே மாதத்து ஞாயிறு ஒன்றில், புரூக்ளின் தேவாலயம் ஒன்றின் பாதிரியார் ஹெர்பர்ட் ரெட்மண்ட் மேடையேறி, இன்று பிரசங்கம் செய்ய முடியாத அளவுக்கு வெயில், வீட்டுக்குப் போங்கள், கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு ஜெபம் செய்யுங்கள் என்று சொல்லி இறங்கிவிட்டார். அந்தப் பருவத்தை ஹாட்ஜஸ் 0.302 சராசரி, 31 ஹோம் ரன்களோடு முடித்தார்.

மீளவே மீளாதவர்களும் இருக்கிறார்கள் அல்லவா?

இருக்கிறார்கள். பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் ஒரு காலத்தில் ஆண்டுக்கு 53 ஹோம் ரன் அடித்தவர். ஏழு ஆண்டுக்கு 16 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றபின் சரிந்து, 2018-இல் 0.168-க்கு இறங்கினார். அந்த செப்டம்பர் தொடங்கி 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 வாய்ப்புகளில் ஹிட் இல்லை. பிட்சர் அல்லாதவர்களில் அவ்வளவு நீண்ட வறட்சியை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. ஏப்ரல் 13 அன்று பாஸ்டனில் அது முடிந்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். ஆனாலும் பழைய ஆட்டம் திரும்பவில்லை, 2021-இல் ஓய்வை அறிவித்தார். டர்னருக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டர்னர் ரசிகர்களுக்கு என்ன பதில் செய்தார்? அணி பட்டம் வென்றதா?

பட்டம் வெல்லவில்லை. 2023 பருவத்தில் 90 வெற்றிகளோடு, பட்டத்துக்கான பிந்தைய சுற்றுக்குள் நுழைந்த ஃபிலிஸ், மயாமியையும் அட்லாண்டாவையும் வீழ்த்திவிட்டு, உலகத் தொடருக்கு முந்தைய தொடரில் அரிசோனாவிடம் கடைசி இரண்டு ஆட்டங்களையும் சொந்த மண்ணில் 5-1, 4-2 என்று இழந்து வெளியேறியது. டர்னர் 2025-இல் 0.304 சராசரியுடன் மீண்டும் தேசிய லீக்கின் பேட்டிங் பட்டத்தைப் பெற்றார். அந்த ஆண்டு அந்த லீக்கில் பட்டத்துக்குத் தகுதி பெறும் அளவு ஆடியவர்களில் 0.300-ஐத் தொட்ட பேட்டர் அவர் ஒருவர்தான்.

முதல் கேள்விக்கு அவர் பதில் சொன்னது 2023 ஆகஸ்டிலேயே. பிலடெல்பியாவைச் சுற்றியுள்ள சாலையோர மின்னணு விளம்பரப் பலகைகளைத் தம் செலவில் வாடகைக்கு எடுத்து, நகரத்துக்கு நன்றி என்று எழுதி வைத்தார். அன்று மைதானத்துக்கு வர முடியாமல் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் வேலைக்குப் போகும் வழியில் அதைப் படித்துக்கொண்டே போனார்கள்.